வழிகாட்டும் சொல்

(உரைநடை)

நுழையும் முன்

பெயர்ப்பலகையைப் பார்த்து ஊரை அறிகிறோம். மின்பலகையைப் பார்த்து வண்டியை அறிகிறோம். கூட்டம் நகரும் திசையைப் பார்த்துப் படிக்கட்டை அறிகிறோம். நாம் கண்ணால் செய்யும் இவ்வேலைகளைச் செவியாலும் காலாலும் விரலாலும் செய்பவர்கள் அதே நடைமேடையில் நம் அருகில் நிற்கின்றனர். அவர்களுக்கு ஒரு தொடர்வண்டி நிலையம் எவ்வாறு வழி சொல்கிறது? நாம் எவ்வாறு வழி சொல்ல வேண்டும்? இவ்விரு வினாக்களுக்கும் விடை தருகிறது இப்பாடம்.

செவி அறியும் நிலையம்

மாணவர்களே, நெருள் நிலையம் பல வழித்தடங்கள் கூடும் இடம் என்பது நீங்கள் அறிந்ததே. சத்ரபதி சிவாஜி மகாராஜ் முனையம், பன்வெல், தாணே, உரண் ஆகிய ஊர்களுக்கு இங்கிருந்து வண்டிகள் செல்கின்றன. உரண் தடத்தின் முதற்பகுதி 2018-ஆம் ஆண்டிலும், உரண் வரையுள்ள எஞ்சிய பகுதி 2024-ஆம் ஆண்டிலும் திறக்கப்பட்டன. வழித்தடங்கள் பெருகப் பெருகப் பயணிகளுக்கு வசதி பெருகுகிறது. தவறான வண்டியில் ஏறிவிடும் வாய்ப்பும் உடன் பெருகுகிறது.

பார்வையற்ற பயணி ஒருவர் நெருளிலிருந்து செம்பூருக்குச் செல்ல வேண்டும் என்று கொள்வோம். பயணச்சீட்டு தரும் இடம் எது? நடைமேடைக்குச் செல்லும் படிக்கட்டு எங்கே? இப்பொழுது வந்து நிற்பது எந்த வண்டி? கதவு எத்தனை அடி தொலைவில் உள்ளது? இறங்க வேண்டிய நிலையம் வந்துவிட்டதா? இத்தனை வினாக்களுக்கும் அவர் விடை காண வேண்டும். வண்டியோ ஒரு நிலையத்தில் அரை நிமிடம்கூட நிற்பதில்லை.

அவருக்கு முதல் துணை செவி. ஒலிபெருக்கி அறிவிப்பு, வரும் வண்டி எங்குச் செல்வது என்பதைக் கூறுகிறது. வண்டியினுள் ஒலிக்கும் அறிவிப்பு அடுத்த நிலையத்தின் பெயரை மராத்தி, இந்தி, ஆங்கிலம் என மும்மொழியில் கூறுகிறது. அறிவிப்பு கேட்காத நாளில் அவர் நிலையங்களை எண்ணுவார். ஜூயிநகர், சான்பாடா, வாஷி, மான்குர்டு, கோவண்டி, அடுத்தது செம்பூர். நெருளுக்குப் பின் ஆறாவதாக நிற்கும் நிலையத்தில் அவர் இறங்க வேண்டும். வாஷிக்கும் மான்குர்டுக்கும் இடையே கடற்கழிமுகத்தைக் கடக்கும் நீண்ட பாலத்தில் வண்டியின் ஓசை மாறும். கதவு வழியே வரும் காற்றும் மாறும். அந்த மாற்றம் அவருக்கு ஒரு மைல்கல். வடாபாவ் பொரியும் மணம் கடையின் இடத்தைச் சொல்லும். பலர் ஏறி இறங்கும் காலடி ஓசை படிக்கட்டின் இடத்தைச் சொல்லும்.

மும்பைப் புறநகர் நிலையங்கள் பலவற்றில், மாற்றுத்திறனாளர் பெட்டி வந்து நிற்கும் இடத்திற்கு மேலே ஒரு சிறு கருவி 'பீப், பீப்' என விட்டுவிட்டு ஒலித்துக்கொண்டிருப்பதை நீங்கள் கேட்டிருக்கலாம். அவ்வொலியைப் பின்பற்றிச் சென்று அதன்கீழ் நின்றால் பெட்டியின் கதவு அருகில் வந்து நிற்கும். நமக்குக் காதில் விழுந்தும் விழாமலும் போகும் அவ்வொலி, ஒருவருக்குப் பெயர்ப்பலகை. அங்கே நின்று உரக்கக் கூச்சலிடுவது பெயர்ப்பலகையைத் துணியால் மூடுவதற்கு ஒப்பாகும். அப்பெட்டியில் உரிமையில்லாதவர் ஏறுவது சட்டப்படி தண்டனைக்குரிய குற்றமும் ஆகும்.

காலடியில் ஒரு மொழி

நடைமேடையின் ஓரத்தில் மஞ்சள் நிறக் கற்கள் வரிசையாகப் பதிக்கப்பட்டிருப்பதைக் காண்கிறோம். அவை அழகுக்காகப் பதிக்கப்பட்டவை அல்ல. கால் படிப்பதற்காக எழுதப்பட்ட மொழி அது. அம்மொழியில் இரண்டே எழுத்துகள் உள்ளன. நீண்ட கோடுகள் புடைத்திருந்தால் 'இவ்வழியே செல்' என்பது பொருள். வட்டப் புள்ளிகள் புடைத்திருந்தால் 'நில், கவனி' என்பது பொருள். படிக்கட்டு தொடங்கும் இடத்திலும், பாதை திரும்பும் இடத்திலும், நடைமேடை முடியும் ஓரத்திலும் புள்ளிக் கற்கள் பதிக்கப்பெறும். செருப்பணிந்த காலும் கையிலுள்ள கோலும் அவ்வேறுபாட்டை உணரும்.

இக்கற்களை உருவாக்கியவர் ஜப்பான் நாட்டைச் சேர்ந்த செய்இச்சி மியாகே. பார்வை குறைந்துவந்த நண்பர் ஒருவருக்கு உதவ எண்ணி அவர் 1965-ஆம் ஆண்டில் இதனை வடிவமைத்தார் என்பர். 1967-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள் ஒகயாமா நகரில், பார்வையற்றோர் பள்ளிக்கு அருகிலிருந்த தெருவில் இக்கற்கள் முதன்முதலில் பதிக்கப்பட்டன. பின்னர் ஜப்பானின் தொடர்வண்டி நிலையங்களுக்கும், அங்கிருந்து உலக நாடுகள் பலவற்றுக்கும் அவை பரவின.

கற்களுக்கு மஞ்சள் நிறம் ஏன்? பார்வைக் குறைபாடு உடையோர் அனைவரும் முழு இருளில் வாழ்பவர் அல்லர். சிலருக்கு வெளிச்சம் தெரியும். சிலருக்கு நிறம் தெரியும். சிலருக்கு நேரே உள்ளது மட்டும் தெரியும். சாம்பல் நிறத் தரையில் மஞ்சள் கோடு அவர்கள் கண்ணுக்கும் புலப்படும். எனவே, வெள்ளைக்கோல் ஏந்திய ஒருவர் கைப்பேசியை முகத்தருகே வைத்துப் படிப்பதைக் கண்டு, 'இவர் நடிக்கிறார்' என எண்ணுவது அறியாமை.

மஞ்சள் பாதையின் மீது ஒரு மூட்டையை வைத்தால் என்ன ஆகும்? நாம் அதைச் சுற்றிக்கொண்டு செல்வோம். பாதையை நம்பி வருபவர் அதில் தடுக்கி விழுவார். அல்லது விலகி நடந்து திசையை இழப்பார். நடைமேடையின் ஓரத்தில் திசையை இழப்பது உயிருக்கே இடராக முடியும். அப்பாதையை வெறுமையாக வைத்திருப்பது, ஒரு சொல்லும் பேசாமல், ஒரு காசும் செலவிடாமல் நாம் நாள்தோறும் செய்யக்கூடிய உதவி.

விரல் படிக்கும் எழுத்து

பிரான்சு நாட்டில் 1809-ஆம் ஆண்டு பிறந்த லூயி பிரெயில், குழந்தைப் பருவத்தில் நேர்ந்த விபத்தால் பார்வையை இழந்தார். தம் பதினைந்தாம் வயதிலேயே ஆறு புள்ளிகளைக் கொண்ட எழுத்துமுறையை உருவாக்கினார். இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் மூன்று என அமையும் இப்புள்ளிகளுள் எவை புடைத்துள்ளன என்பதை விரல் நுனியால் தடவி எழுத்தை அறிவர்.

இந்திய மொழிகளுக்குப் பொதுவான 'பாரதி பிரெயில்' முறை 1951-ஆம் ஆண்டில் ஏற்கப்பட்டது. இதில் நமக்கு ஒரு வியப்பு உண்டு. மும்பையில் வளரும் நீங்கள் தமிழ் 'க'வை ஒரு வடிவிலும், மராத்தி, இந்தி 'க'வை வேறொரு வடிவிலும் எழுதுகிறீர்கள். பாரதி பிரெயிலில் மூன்றுக்கும் ஒரே வடிவம்தான்: முதற்புள்ளியும் மூன்றாம் புள்ளியும். கண்ணுக்கு வெவ்வேறாகத் தோன்றும் எழுத்து விரலுக்கு ஒன்றாக இருக்கிறது.

2015-ஆம் ஆண்டில் மைசூரு தொடர்வண்டி நிலையத்தில் 'அனுபிரயாஸ்' என்னும் தொண்டு அமைப்பு பிரெயில் பலகைகளையும், தொட்டு அறியும் நிலைய வரைபடத்தையும் அமைத்தது. படிக்கட்டின் கைப்பிடியில் பொருத்தப்பட்ட உலோகத் தகடுகள், அப்படிக்கட்டு எந்த நடைமேடைக்குச் செல்கிறது என்பதை விரலுக்குச் சொல்கின்றன. இடம் கைப்பிடியாக இருப்பது பொருத்தமே. பார்வையற்றவர் படியேறும்போது கை தானாகவே அங்குதான் செல்லும்.

தெரிந்து தெளிவோம்

* இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் வாழ்ந்த ஜேம்ஸ் பிக்ஸ் என்பவர் விபத்தில் பார்வை இழந்தார். வாகன ஓட்டிகள் தம்மைக் கண்டுகொள்ள வேண்டும் என்பதற்காக 1921-ஆம் ஆண்டில் தம் கைத்தடிக்கு வெள்ளை வண்ணம் பூசினார். அக்டோபர் 15 வெள்ளைக்கோல் நாளாகக் கொண்டாடப்படுகிறது.
* தரையைத் தட்டும் கோல், முழங்காலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பொருளை அறியாது. அதனை அதிர்வால் உணர்த்தும் 'ஸ்மார்ட்கேன்' கருவியைத் தில்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தினர் உருவாக்கினர். அது 2014-இல் வெளியிடப்பட்டது.
* நம் உறவினர் பலர் வாழும் திருநெல்வேலிச் சீமையில், பாளையங்கோட்டையில் 1890-ஆம் ஆண்டிலேயே பார்வையற்றோர்க்கான பள்ளி தொடங்கப்பட்டது.

கேட்டு உதவுதல்

கல்லும் ஒலியும் தகடும் செய்ய இயலாத வேளைகள் உண்டு. வண்டி வேறு நடைமேடைக்கு மாற்றப்படலாம். கூட்டம் மிகுந்து அறிவிப்பு கேளாமல் போகலாம். அப்போது மனிதர் துணை வேண்டும். துணை புரிவதற்கும் ஒரு முறை உண்டு. கீழ்வரும் உரையாடலைப் படியுங்கள். நெருள் நிலையத்தில் தந்தையுடன் நிற்கும் மாணவி, வெள்ளைக்கோலுடன் வரும் பயணி ஒருவர் கைப்பேசியில் தமிழில் பேசுவதைக் கேட்கிறாள். அவர் பேசி முடிக்கும்வரை காத்திருந்து அருகில் செல்கிறாள்.

மாணவி: வணக்கம் ஐயா. நான் எட்டாம் வகுப்பு மாணவி. உங்கள் வலப்பக்கம் நிற்கிறேன். உதவி ஏதேனும் வேண்டுமா?

பயணி: வணக்கம் அம்மா. தமிழ்க் குரல் கேட்க மகிழ்ச்சி. செம்பூர் செல்ல வேண்டும். வண்டி நடைமேடை மாறி வருகிறது என்று அறிவித்தார்கள். எண் சரியாகக் கேட்கவில்லை.

மாணவி: நாங்களும் அந்த வண்டிக்குத்தான் செல்கிறோம். வாருங்கள், உங்கள் கையைப் பிடித்து அழைத்துச் செல்கிறேன்.

பயணி: என் கையை நீ பிடித்தால் நான் இழுக்கப்படுவேன். உன்னை நான் பிடித்துக்கொண்டால் உன் நடையைப் பின்பற்றி வருவேன். பெரியவர்கள் என்றால் முழங்கைக்குச் சற்று மேலே பிடித்துக்கொள்வேன். நீ உயரம் குறைவு போலிருக்கிறது. தோளில் கை வைத்துக்கொள்கிறேன். நீ அரை அடி முன்னே நட.

மாணவி: சரி ஐயா. உங்கள் கோலையும் நான் வாங்கிக்கொள்ளட்டுமா?

பயணி: வேண்டா அம்மா. கோல் என் கண் போன்றது. அது என்னிடமே இருக்கட்டும்.

மாணவி: இன்னும் நான்கு அடியில் படிக்கட்டு. ஏறும் படி. கைப்பிடி உங்கள் இடப்பக்கம்... இது கடைசிப் படி. இனிச் சமதரை.

பயணி: நன்றாகச் சொல்கிறாய். 'பார்த்து வாருங்கள்' என்று மட்டும் சொல்பவர்கள்தாம் மிகுதி. ஏறும் படியா, இறங்கும் படியா என்று சொன்னால்தானே கால் ஆயத்தமாகும்!

(நடைமேடையில் இறங்குகின்றனர். மஞ்சள் பாதையின் மீது ஒரு பெரிய பை கிடக்கிறது. மாணவியின் தந்தை அதன் உரிமையாளரிடம் மராத்தியில் பணிவுடன் கேட்க, அவர் பையை நகர்த்திக்கொள்கிறார்.)

மாணவி: வண்டி நிற்கிறது ஐயா. இறங்குபவர்கள் இறங்கட்டும். அப்பா உங்களை ஏற்றிவிடுவார்.

தந்தை: கதவின் நடுவிலுள்ள கம்பி இது, பிடித்துக்கொள்ளுங்கள். நடைமேடைக்கும் வண்டிக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி இருக்கிறது. வண்டியின் தளம் சற்று உயரம். இப்போது கால் வையுங்கள்.

பயணி: ஏறிவிட்டேன். இருக்கை இருக்கிறதா?

தந்தை: இருக்கிறது. இருக்கையின் முதுகில் உங்கள் கையை வைக்கிறேன். மற்றவற்றை நீங்களே அறிந்துகொள்வீர்கள். நாங்கள் வாஷியில் இறங்குவோம். இறங்கும்போது சொல்லிவிட்டு இறங்குகிறோம்.

பயணி: அதுவே பெரிய உதவி. சிலர் சொல்லாமல் சென்றுவிடுவார்கள். நான் வெறுங்காற்றோடு பேசிக்கொண்டிருப்பேன்!

சுட்டும் சொல்லும் சுட்டாத சொல்லும்

அ, இ, உ ஆகியவை சுட்டெழுத்துகள் என்பதை முன்னரே கற்றோம். அங்கே, இங்கே, அதோ, இதோ ஆகிய சொற்கள் இவற்றின்வழிப் பிறந்தவை. இச்சொற்களைச் சொல்லும்போது நாம் பெரும்பாலும் விரலை நீட்டுகிறோம். கேட்பவர் விரலைப் பார்த்துத் திசையை அறிகிறார். விரலைக் காண இயலாதவருக்கு 'அதோ அங்கே' என்னும் தொடர் எந்தத் திசையையும் காட்டாது.

எனவே, பார்வையற்றவருக்கு வழி சொல்லும்போது மூன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: பக்கம், தொலைவு, அடையாளம். 'பயணச்சீட்டு அங்கே தருகிறார்கள்' என்பதற்கு மாற்றாக, 'நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து நேராகப் பத்து அடி நடந்து வலப்பக்கம் திரும்புங்கள். எதிரே பயணச்சீட்டுச் சாளரம். அதற்கு முன்னால் ஒரு கம்பித் தடுப்பு உண்டு' எனலாம். நாம் எதிரெதிரே நின்றால் நம் வலம் அவருக்கு இடமாகும். ஆகவே, 'உங்கள் வலப்பக்கம்' எனச் சொல்லிப் பழக வேண்டும்.

இடர் நேரும் வேளையில் 'ஐயோ!' எனக் கத்தினால் யாரை, எதற்காக என்பது விளங்காது. 'வெள்ளைக்கோல் வைத்திருப்பவரே, நில்லுங்கள்!' என்பது விளங்கும். 'நில்' என்னும் ஒற்றைச் சொல் ஓர் உயிரைக் காக்கும். நின்றபின் காரணத்தைச் சொல்லலாம்.

ஊரிலிருந்து முதன்முறை மும்பைக்கு வரும் நம் தாத்தாவோ பாட்டியோ, மராத்திப் பெயர்ப்பலகையைப் படிக்க இயலாமல் நிலையத்தில் நிற்பதை எண்ணிப் பாருங்கள். அவர்களுக்கு அறிவுக் குறைவு இல்லை. பலகை அவர்களுக்கு விளங்கும் வகையில் எழுதப்படவில்லை, அவ்வளவே. பார்வையற்ற பயணியின் நிலையும் அதுவே. இடத்தை அவர்களுக்கு விளங்கும் வகையில் அமைத்துவிட்டால் அவர்கள் தாமே செல்வர்.

இதனைச் சட்டமும் கூறுகிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தொடர்வண்டி நிலையம் முதலிய போக்குவரத்து இடங்களை அனைவரும் எளிதில் பயன்படுத்தும் வகையில் அமைக்க வேண்டும் என்கிறது. தனியே வீட்டைவிட்டுப் புறப்பட்டு, வேலைக்கோ கல்லூரிக்கோ உறவினர் வீட்டுக்கோ சென்று திரும்புவது அவர்களின் உரிமை. நாம் செய்வது அவ்வுரிமைக்குத் துணைநிற்றல். 'வேண்டா, நானே செல்வேன்' என்று ஒருவர் கூறினால், மகிழ்ச்சியுடன் வழிவிட்டு விலகி நிற்பதும் அத்துணையின் ஒரு பகுதியே.

சொல்லும் பொருளும்

நடைமேடை – பயணிகள் வண்டிக்காகக் காத்து நிற்கும் மேடை
கடற்கழிமுகம் – கடல்நீர் நிலத்தினுள் புகுந்து கிடக்கும் இடம்
புடைத்தல் – மேலெழுந்து நிற்றல்
சாளரம் – சன்னல்
சாண் – விரித்த கையின் பெருவிரல் நுனிமுதல் சிறுவிரல் நுனிவரை உள்ள அளவு
இடர் – துன்பம், ஆபத்து

மதிப்பீடு

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. வட்டப் புள்ளிகள் புடைத்த மஞ்சள் கல் உணர்த்தும் பொருள்
(அ) நேராகச் செல் (ஆ) நில், கவனி (இ) விரைந்து நட (ஈ) அமர்க

2. நடைபாதைக் கற்கள் முதன்முதலில் பதிக்கப்பட்ட நகரம்
(அ) மைசூரு (ஆ) பிரிஸ்டல் (இ) ஒகயாமா (ஈ) தில்லி

3. 'வெள்ளைக்கோல்' என்னும் சொல்லைப் பிரித்து எழுதக் கிடைப்பது
(அ) வெள் + கோல் (ஆ) வெள்ளை + கோல் (இ) வெள்ளைக் + கோல் (ஈ) வெண்மை + அக்கோல்

ஆ. குறுவினா

1. மஞ்சள் கற்களின் இருவகை யாவை?
2. பார்வையற்ற பயணியின் கோலை நாம் ஏன் வாங்கிக்கொள்ளக் கூடாது?
3. பாரதி பிரெயிலில் தமிழ், மராத்தி, இந்தி எழுத்துகளுக்கு உள்ள ஒற்றுமை யாது?

இ. சிறுவினா

1. நெருளிலிருந்து செம்பூர் வரை செல்லும் பார்வையற்ற பயணி, தாம் இறங்கும் இடத்தை எவ்வாறெல்லாம் அறிவார்?
2. 'உன்னை நான் பிடித்துக்கொண்டால் உன் நடையைப் பின்பற்றி வருவேன்' – இக்கூற்றை விளக்குக.

ஈ. நெடுவினா

உதவி செய்வதற்கு முன் கேட்பது ஏன் தேவை? பாடப்பகுதியிலிருந்து சான்று தந்து உம் கருத்தை எழுதுக.

மொழியோடு விளையாடு

கீழ்வரும் தொடர்களைச் சுட்டுச்சொல் இன்றி, பக்கம், தொலைவு, அடையாளம் மூன்றும் அமைய மாற்றி எழுதுக.

எடுத்துக்காட்டு: தண்ணீர்க் குழாய் அதோ இருக்கிறது.
விடை: உங்கள் இடப்பக்கம் ஆறு அடி நடந்தால் தண்ணீர்க் குழாய், அதன் அருகே ஒரு தூண் உள்ளது.

1. மின்தூக்கி அந்தப் பக்கம்.
2. இங்கே உட்காருங்கள்.
3. உங்கள் பை அங்கே விழுந்துவிட்டது.

செயல்திட்டம்

1. வகுப்பறையில் ஆசிரியர் முன்னிலையில் இருவர் இருவராகச் சேருங்கள். ஒருவர் கண்களைக் கட்டிக்கொள்ளட்டும்; மற்றவர் வாசல் முதல் கரும்பலகை வரை சொல்லால் மட்டுமே வழிகாட்டட்டும். எச்சொல் உதவியது, எச்சொல் குழப்பியது எனக் குறித்துக்கொள்ளுங்கள். இதனை நிலையத்திலோ சாலையிலோ செய்தல் கூடாது.

2. பெற்றோருடன் செல்லும்போது உங்கள் நிலையத்தில் மஞ்சள் பாதை எங்குத் தொடங்குகிறது, எங்கு முறிகிறது, எங்குப் பொருள்களால் மறைந்துள்ளது என்பதைக் கவனித்து வரைபடமாக வரையுங்கள். குறை காணும் இடங்களைக் குறிப்பிட்டு, நிலைய மேலாளருக்கு ஒரு விண்ணப்பக் கடிதம் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுங்கள்.

நினைவில் கொள்க

பயணத்தில் யாருக்கேனும் உதவி தேவைப்பட்டால், நிலைய ஊழியரிடமோ தொடர்வண்டிக் காவலரிடமோ பெரியவர் துணையுடன் தெரிவிக்கலாம். தொடர்வண்டித் துறையின் உதவி எண் 139.